நட்சத்திரக் குறியிட்ட வினா

கல்லிடைக்குறிச்சி, மருந்துக்கடை மாடி.
பலகையில் சட்டமன்ற உறுப்பினர் பெயர்.
உள்ளே பெரும்பாலும் நான்தான்: சொரிமுத்து, உதவியாளர்.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு முத்திரை,
துட்டி வீடும் கல்யாண வீடும்
ஒரே கட்டத்தில் குறித்துவைத்த காலண்டர்.

பகவதி வந்தாள், மாசி மாதம்.
"வாய்க்காப் பாலம் நாலடி. லோடு ஆட்டோ ஏறாது.
அப்பளப் பெட்டியைத் தலையில தூக்கி
அக்கரை சேக்கதுக்குள்ள ஆறுல ஒண்ணு நொறுங்குது.
நொறுங்கினத கவர்மெண்டா திங்கும்?"

எழுதிக்கொண்டேன்.
பதினோரு பெண்கள், நாளுக்கு நாற்பது கிலோ உளுந்து.
கடைசி வாக்கியத்தையும் விடவில்லை.

சட்டமன்ற வினாவுக்கு விதிகள் உண்டு.
வாதம் கூடாது. ஊகம் கூடாது. எள்ளல் கூடாது.
முதல் அடித்தலில் பகவதி போனாள்,
அடுத்ததில் உளுந்து.
பதினோரு பெண்களும் சிறுதொழில் முனைவோர் ஆகி
ஒரு காற்புள்ளிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார்கள்.
மிஞ்சியது:
பாலத்தை அகலப்படுத்த அரசு ஆவன செய்யுமா?

ஆவன.
இருபது வருஷமாக எழுதுகிறேன் அந்தச் சொல்லை.
அதுவும் நாலடிதான்.

எங்கள் வினா வருமுன் கேள்வி நேரம் முடிந்தது.
பதிலை மேசையில் வைத்தார்களாம்.
தாழ்வாரத்திலிருந்து அண்ணாச்சி போனில் வாசித்தார்:
"ஆம். பரிசீலனையில் உள்ளது."
பிறகு கேட்டார்,
"வே, இது நல்ல பதிலா, கெட்ட பதிலா?"

வாய்க்கால் பொதுப்பணித் துறைக்கு.
தெரு பேரூராட்சிக்கு.
ஓரத்து மின்கம்பம் மின்வாரியத்துக்கு.
அந்த நாலடிக்குள் மூன்று சர்க்கார்.
என் பைக் சேரன்மகாதேவிக்கு
எத்தனை முறை போனதென்று
பெட்ரோல் பங்க் பையனுக்குத் தெரியும்.

பணம் வந்தது.
காருக்குத் தண்ணீர் திறக்குமுன் முடிக்கவேண்டும்;
சித்திரை வைகாசியில்தான் வாய்க்கால் காயும்.
அப்பளமும் அப்போதுதான் காயும்.
இதை நானும் யோசிக்கவில்லை,
பொறியாளரும் யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம் பகவதி மாடியேறி
என் மேசையில் ஓர் அப்பளத்தை வைத்தாள். பேசவில்லை.
கடித்தேன். நறநறத்தது.
முத்திரை குத்தினால் உடைந்துபோகும்.
கோப்பில் இப்படி எழுதினேன்:
இணைப்பு, அப்பளம் ஒன்று, மண்ணுடன்.

அண்ணாச்சி காரில் மீதியைக் கடித்தார்.
கண்ணாடியை இறக்கித் துப்பினார்.
காண்டிராக்டர் ஞானதிரவியத்துக்கு அங்கேயே போன்:
"காலைல பத்துக்கு முன்ன, சாயங்காலம் நாலுக்குப் பொறவு.
நடுவுல மண்ணைக் கிளப்பாதேயும்."

அப்பளம் வெள்ளையாய்க் காய்ந்தது.
கொத்தனார்களுக்கு மூன்று வாரம் அரைக்கூலி.
அதை யாரும் மனுவாகக் கொண்டுவரவில்லை.
டீக்கடையில் ஒருவன்
என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கவிழ்த்துவிட்டு எழுந்துபோனான்,
அப்படித் தெரிந்துகொண்டேன்.

ஆனி எட்டாம் தேதி தண்ணீர் வந்தது.
பாலம் பதினெட்டடி.
கல்வெட்டில் ஐந்து பெயர்கள், ஓர் எழுத்துப்பிழை.
பிழை என்னுடையது.

லோடு ஆட்டோ ஓடிற்று.
அதன் பின்னால் லாரி, மணல் டிராக்டர்.
சைக்கிளில் வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு
முழங்கை பிசகியது.
தலைமையாசிரியை ஜெபராணி டீச்சர் வந்தார்.
மறு வாரமே வேகத்தடை.

ஆவணியில் இரண்டு மனுக்கள்.
வேகத்தடையில் ஆட்டோ குதித்து
பெட்டிக்கு இருபது அப்பளம் உடைவதால்
அகற்றித் தர வேண்டுமென்று ஒன்று.
அது போதாது, இன்னொன்றும் போட வேண்டுமென்று
டீச்சருடையது.
இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.
தேதிக்குக் கீழே அதே கோடு, அதே சாய்ந்த எழுத்து.
"இப்படிக்கு"க்கு மேலே இருப்பதெல்லாம்
கேட்டவர்களுக்கு நானே எழுதிக்கொடுத்தவை.

எண் 611. எண் 612.
அண்ணாச்சி சென்னையிலிருந்து வர இரண்டு நாளாகும்.
மருந்துக்கடைப் பையனிடம்
ஓரடி ஸ்கேல் இரவல் வாங்கிக்கொண்டு
வேகத்தடையின் உயரத்தை அளக்கக்
கிளம்பினேன்.